பெயர் அழிந்த பித்தளை: காரைக்குடிப் பயணக் குறிப்புகள்

வெள்ளி இரவு

சென்னை எழும்பூரிலிருந்து பிற்பகலில் கிளம்பும் பல்லவன் விரைவு வண்டி, திருச்சியும் புதுக்கோட்டையும் கடந்து, இரவுச் சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு எங்களைக் காரைக்குடியில் இறக்கிவிட்டது. உடன் வந்திருப்பவர் என் அத்தை. பாயசம் வைக்கத் தகுந்த வெண்கல உருளி ஒன்று வாங்க வேண்டும் என்பது அவருடைய நோக்கம். முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாக இருக்கும் பழஞ்சாமான் கடைகளை அவசரமில்லாமல் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது என்னுடையது. இரண்டும் ஒத்துப்போகாது என்பதை வண்டியிலேயே சொல்லிவிட்டார். "நீ பாக்க வர்ற, நான் வாங்க வர்றேன். கடைக்காரர் முன்னாடி வாயப் பொளந்து நின்னு விலைய ஏத்தி விட்டுராத."

சனி

காலை பத்து மணிக்கு முன்னால் இந்தத் தெருவுக்கு வந்து பயனில்லை. கடைகள் மெல்லத்தான் திறக்கின்றன. திறந்த பிறகும், உள்ளே அடைந்து கிடக்கும் சாமான்களில் ஒரு பகுதியை வாசலில் எடுத்து வைத்தால்தான் ஆள் நுழைய வழி கிடைக்கிறது. தனித்தனிக் கடைகள்தாம் என்றாலும், பலர் சேர்ந்து நடத்தும் ஒரே பெரிய கடையைப் போலத்தான் தெரு இயங்குகிறது. ஒருவர் பித்தளையில் கைதேர்ந்தவர், இன்னொருவரிடம் எனாமல் பாத்திரங்கள், வேறொருவரிடம் மரச்சாமான்கள். கேட்ட பொருள் தம்மிடம் இல்லையென்றால் பையனை அனுப்பிப் பக்கத்துக் கடையிலிருந்து வரவழைத்துக் காட்டுகிறார்கள். காலையில் ஒரு கடையில் விலை கேட்டு வேண்டாமென்று விட்டுவந்த கூஜா, மதியம் மூன்று கடை தள்ளி வேறொருவர் மேசையில் வேறொரு விலையுடன் நின்றதைப் பார்த்தோம்.

இவ்வளவு பொருள் ஓர் ஊரில் எப்படிச் சேர்ந்தது என்பதற்கு விடை நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வாழ்க்கை முறையில் இருக்கிறது. பர்மா, இலங்கை, மலாயா, வியட்நாம் என்று கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகமும் வட்டிக்கடையும் நடத்தச் சென்ற அவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஈட்டிய பொருளை இந்த வறண்ட சீமையில் மாளிகைகளாகக் கட்டினார்கள். ஒரே கூரைக்குக் கீழே கூட்டாக வாழ்ந்தாலும், மணமான ஒவ்வொரு மகனும் தனிப் புள்ளி. அவனுக்குத் தனி அறை, தனி அடுப்பு. ஒவ்வொரு புள்ளிக்கும் மருமகள் கொண்டுவந்த சீர் தனித்தனியாக வந்து இறங்கியது. அதுவும் ஒன்றிரண்டாக அல்ல. அண்டா, தவலை, குண்டான், தாம்பாளம், தூக்குச்சட்டி என்று அளவு வாரியாக அடுக்கடுக்காக வந்தது. புழக்கத்துக்கு எடுத்தது கொஞ்சம். மீதி பெட்டக அறையில் பூட்டி வைத்தது. அதனால்தான் இந்தக் கடைகளில் நூறாண்டுக்கு அருகில் வயதிருந்தும் அடுப்பையே காணாத பாத்திரங்கள் இருக்கின்றன.

அந்தச் செல்வம் சரிந்த கதையும் சாமான்களோடு சேர்ந்ததுதான். 1930-ஐ ஒட்டிய பொருளாதார மந்தத்தில் கடனைத் திருப்ப முடியாத பர்மிய விவசாயிகளின் நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த அவர்களுடைய நிலவுடைமை, 1938-க்குள் 25 விழுக்காட்டை எட்டியது. அந்த மக்களுடைய கோபமும் அதே வேகத்தில் வளர்ந்தது. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1948-இல் விடுதலைக்குப் பிந்தைய நிலத் தேசியமயம், 1960-களில் வணிகத் தேசியமயம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த அடிகளில், போனவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஊரில் மிஞ்சியவை வீடுகளும் அவற்றுக்குள் பூட்டிய பெட்டகங்களும்தான். தலைமுறைகள் பெருகி, ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர் என்றான பிறகு, பராமரிக்க முடியாமல் பங்கு பிரித்தவற்றில் ஒரு பகுதி இந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

இன்று நெடுநேரம் பித்தளையோடுதான் கழிந்தது. முதலில் நுழைந்த கடையில் இரண்டு விதமான பாத்திரங்கள் அருகருகே நின்றன: பொன்போல மின்னுபவை ஒரு புறம், கறுத்துப் பச்சை பிடித்தவை மறுபுறம். அத்தை நேராகக் கறுத்த பக்கம் போய் ஒரு தவலையைத் தூக்கி, வாய்க்குள் கையை விட்டு, உட்புறத்தைத் தடவிப் பார்த்தார். சுத்தியலால் தட்டித் தட்டி உருவாக்கிய பாத்திரத்தில் விரலுக்குச் சிறு சிறு பள்ளங்கள் தட்டுப்படும். இயந்திரத்தில் சுழற்றி வடித்ததில் ஒரே மையத்தைச் சுற்றிய மெல்லிய வட்டக் கோடுகள்தாம் தெரியும். தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிய பழைய தவலைகளின் இடுப்பில், ஒரு தகட்டின் பற்கள் மறு தகட்டுக்குள் கோத்துக்கொண்ட பற்றுத் தடம் வரப்புப் போல ஓடும். வெண்கலத்தைத் தட்டிப் பார்த்தே அறியலாம். செம்போடு வெள்ளீயம் கலந்த உலோகம் நீண்ட நேரம் ரீங்கரிக்கும், செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை சட்டென்று அடங்கிவிடும்.

என் கவனம் அந்தத் தவலையின் விளிம்பில் நின்றது. கறுப்புக்குக் கீழே ஏதோ எழுத்து இருப்பதுபோலத் தோன்றியதால் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ச் சாய்த்துப் பார்த்தேன். சிற்றுளியின் முனையால் புள்ளி புள்ளியாகக் குத்திய தமிழ் எழுத்துகள்: முதலில் மூன்று தலைப்பெழுத்துகள், அடுத்து ஒரு பெண்ணின் பெயர், அதன் பிறகு ஊர். தலைப்பெழுத்துகள் அந்தக் குடும்பத்தின் விலாசம். பர்மாவிலும் மலாயாவிலும் அவர்களுடைய வட்டிக்கடைகள் இதே எழுத்துகளால்தான் அறியப்பட்டன. சீர் வரிசையில் பல மருமகள்களின் பாத்திரங்கள் கலந்துவிடக் கூடாது என்பதற்காக வெட்டிய பெயர் என்றாலும், யாருடையது, எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று மூன்று செய்திகளை அது ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. ஓர் அருங்காட்சியகம் பொருளின் பக்கத்தில் சீட்டு எழுதி வைத்துச் செய்யும் வேலையை அந்த வீட்டுக்காரர்கள் பொருளின் மேலேயே செய்து வைத்திருக்கிறார்கள்.

மின்னும் பக்கத்துக்குத் திரும்பினால் அந்த வரி இல்லை. அதே காலத்து, அதே வேலைப்பாட்டுத் தவலைகள்தாம்; ஆனால் பாலிஷ் பட்டறையில் வேகமாகச் சுழலும் பஞ்சுச் சக்கரம் களிம்பை மட்டும் எடுப்பதில்லை, உலோகத்தின் மேல்தோலையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. ஆழமாக உளி ஓடிய எழுத்து தப்பிவிடும். புள்ளிக் குத்து தப்பாது. ஒரு குடத்தில் ஊர்ப் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் மட்டும் தேய்ந்து மீந்திருந்தன. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கடைக்காரரிடம் கேட்டேன். "அண்ணே, வாங்குறவங்க அடுத்தவங்க பேரு போட்ட சாமானத் தங்க வீட்ல வைக்க மாட்டேங்குறாங்க. பேரு இருந்தா பழைய பாத்திரம், இல்லேன்னா ஆன்டிக்கு," என்றார். இந்தத் தெருவைப் பற்றி நான் கேட்டதில் இதைவிடத் துல்லியமான விளக்கம் வேறில்லை. விளக்கம் சரி என்பதால் செயலும் சரியாகிவிடாது. உருவம் ஊர் ஊருக்குக் கிடைக்கும். திருநெல்வேலித் தவலையும் கும்பகோணத்துத் தவலையும் பார்வைக்குக் கொஞ்சம்தான் வேறுபடும். இந்தத் தவலையை இந்தச் சீமையோடு கட்டிப்போடும் ஒரே கயிறு அந்தப் பெயர். அதை அறுக்கத்தான் கூலி கொடுக்கிறோம்.

பிற்பகலில் மங்குச் சாமான்கள். இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடிப் பொடியைப் பூசிச் சுமார் 800 பாகை வெப்பத்தில் உருக்கி ஒட்டிய எனாமல் கிண்ணங்கள், மூடி போட்ட தூக்குகள், அடுக்குகள்; நீலம், பச்சை, மஞ்சள், வெளிர் சிவப்பு என்று ஒரு சுவர் முழுக்க இருக்கின்றன. பழையவற்றை அடையாளம் காண விளிம்பில் சில்லு தெறித்த இடத்தைப் பார்க்க வேண்டும். மேலே நிறம், அதற்குக் கீழே இரும்பைப் பிடித்துக்கொள்வதற்காகப் பூசிய கருநீல அடிப்பூச்சு, அதற்கும் கீழே துருப்பிடித்த தகடு என்று அடுக்குகள் தெளிவாகத் தெரியும். அடியில் இருக்கும் முத்திரையே வயதையும் சொல்லிவிடுகிறது. சுவீடன் நாட்டுக் கோக்கம்ஸ் முத்திரை இங்கே தண்ணீர்பட்ட பாடு. செக்கோஸ்லோவாகியா என்று இருந்தால் அது 1918-க்குப் பிந்தையது. அதற்கு முன் அப்படி ஒரு நாடே இல்லை. பீங்கான் சாமான்களில் ஆக்கிரமிப்பில் உள்ள ஜப்பான் என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால், போருக்குப் பிறகு அமெரிக்கத் தலைமையிலான ஆக்கிரமிப்பு அங்கே நடந்த காலத்தது, அதாவது 1952-க்குப் பிறகு வந்திருக்க வழியில்லை. பாத்திரத்தைச் செய்த நாட்டின் பெயரை மதித்துப் படித்து விலை சொல்கிறவர்கள், அதை வாங்கிப் பயன்படுத்திய வீட்டின் பெயரை மட்டும் தேய்த்துவிடுவது எனக்கு விளங்கவில்லை.

பித்தளைக் குழல் வைத்த கிராமபோன்களைப் பற்றி ஒரு வரி போதும்: பளபளக்கும் குழலும் நாய்ப் படமும் கண்டு மயங்க வேண்டாம், பெரும்பாலானவை புதிதாகக் கோத்தவை.

ஞாயிறு

காலையில் கானாடுகாத்தான் போய் ஒரு வீட்டை உட்புறம் பார்த்துவிட்டு வந்தோம். முகப்பு, பட்டாலை, வளவு எனும் உள்முற்றம், இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடு. நடுவில் நின்றால் வாசல் கதவும் கொல்லைக் கதவும் ஒரே நேர்கோட்டில் தெரிகின்றன. பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி எல்லாம் அவரவர் இடத்தில் இருக்கக் கண்டதால், மதியம் கடைத் தெருவுக்குத் திரும்பியபோது அங்கே சுவரோரம் சாய்ந்திருந்த தூண்களைப் பார்க்கும் கண்ணே மாறியிருந்தது. தூணை யாரும் பெட்டகத்திலிருந்து எடுத்து விற்பதில்லை. கடையில் ஒரு தூண் நிற்கிறது என்றால் எங்கோ ஒரு வீடு விழுந்திருக்கிறது.

மரக்கடைக்காரர் வயதில் மூத்தவர், பேச்சில் நிதானமானவர். கஜலட்சுமி செதுக்கிய ஒரு வாசல் நிலையைக் காட்டி, பெங்களூரில் ஒரு விடுதிக்குப் போகிறது என்றார். எந்த ஊர் வீட்டு நிலை என்று கேட்டதற்குக் கொஞ்சம் தயங்கி, "ஊரு தெரியும் தம்பி, ஆனா சொல்ல மாட்டேன். வித்தது வெளிய தெரிஞ்சா அந்த வீட்டுக்காரங்களுக்குச் சங்கடம்," என்றார். நான் நேற்று எழுதியதற்கு இது நியாயமான மறுப்பு. செல்வம் இறங்கியதை மறைக்க விரும்பும் குடும்பத்தின் மானம் ஒரு பக்கம், பொருளின் வரலாறு ஒரு பக்கம் என்று வரும்போது வியாபாரி முதலாவதன் பக்கம் நிற்கிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் வீட்டுப் பெயரை மறைத்து ஊர்ப் பெயரையாவது சொல்லலாமே என்ற எண்ணம் போகவில்லை. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டை மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். அங்கே தூண் தூணாகவும், நிலை நிலையாகவும், வீடு வீடாகவும் இருக்கிறது. விடுதியின் வரவேற்பறைச் சுவரில் அறையப்படும் நிலை இனி எதற்கும் வாசல் இல்லை.

சாமி சிலைகளைப் பற்றி அத்தை சும்மா விசாரித்தபோது பெரியவரின் முகம் மாறிவிட்டது. "அதெல்லாம் இங்க பேசவே கூடாது ஆச்சி." காரணம் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நூறாண்டு கடந்த சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் போன்றவையும், எழுபத்தைந்தாண்டு கடந்த மதிப்புமிக்க கையெழுத்துச் சுவடிகளும் தொல்பொருள்களாகும். அவற்றை விற்பதற்கு உரிமம் வேண்டும். தனியார் யாரும் நாட்டை விட்டு அவற்றை வெளியே கொண்டுபோக முடியாது. தமிழ்நாட்டில் 1983 முதல் காவல்துறையில் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு தனியாகவே இருக்கிறது. வெளிநாட்டுக்கு வாங்கிச் செல்லும் உறவினர்கள், பொருள் பழமையானதுபோலத் தோன்றினால், இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்றுக்கொள்வது நல்லது. நூறாண்டு என்ற கோடு ஓர் இடத்தில் நிற்பதில்லை, ஆண்டுதோறும் நகர்கிறது. செட்டிநாட்டு வீடுகள் செழித்திருந்த 1920-களின் பொருள்கள் இப்போது ஒவ்வொன்றாக அந்தக் கோட்டைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. பெயரும் ஊரும் தேய்க்கப்பட்ட பொருளின் வயதைத்தான் நாளைக்கு யாராலும் நிறுவ முடியாமல் போகும்.

பக்கத்துக் கடையில் ரவி வர்மா அச்சுப் படங்கள். 1894-இல் மும்பையில் தொடங்கிப் பின்னர் லோனாவாலாவுக்கு அருகே மளவலிக்கு இடம் மாறிய அச்சகத்தில் கல் அச்சு முறையில் அச்சான லட்சுமியும் சரசுவதியும் இந்த வீடுகளின் வளவுகளில் வரிசையாகத் தொங்கியவர்கள். கையோடு கொண்டுபோயிருந்த சிறிய உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். பழைய கல் அச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், மணல் தூவியதுபோலச் சிதறியிருக்கும். இக்கால ஆஃப்செட் மறுபதிப்பில் ஒரே அளவுக் கட்டமாக, சிறு பூக்களைப் போல அணிவகுத்து நிற்கும். எட்டுப் படங்களில் இரண்டே பழையவை. அவற்றுள் ஒன்றில் லட்சுமியின் சேலைக்குமேல் யாரோ உண்மையான துணியை வெட்டி ஒட்டி, ஓரத்தில் சரிகை இழையும் ஜிகினாவும் வைத்துத் தைத்திருந்தார்கள். வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்த வேலை. முந்தானை மடிப்பில் நூல் ஒரு சாயலாகப் போய், பாதியில் வேறு நூல் தொடர்கிறது. முதல் நூல் தீர்ந்துபோயிருக்க வேண்டும். இந்தப் படத்தை நல்ல வேளையாக யாரும் பாலிஷ் போட முடியாது.

மரப்பாச்சிகளையும் பார்த்தோம். செம்மரம் என்று விற்பவற்றில் சாயம் பூசியவையும் கலந்திருக்கின்றன. அத்தை ஈரக் கைக்குட்டையால் ஒரு பொம்மையின் முதுகைத் துடைத்துப் பார்த்து, ஒன்றும் பேசாமல் கீழே வைத்துவிட்டார்.

திங்கள்

பழஞ்சாமானிலிருந்து ஒரு மாறுதலுக்காகக் காலையில் ஆத்தங்குடி. இங்கே தளக்கல் செய்யும் பட்டறைகளில் ஒன்றில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். கண்ணாடித் தகட்டின்மேல் பூ வடிவ அச்சை வைத்து, அதன் அறைகளில் நிறக் குழம்பை ஒவ்வொன்றாக ஊற்றுகிறார் தொழிலாளி. கை நடுங்காமல் அச்சை மேலே தூக்கியதும், குழம்புகள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கின்றன. அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பி மட்டம் தட்டுகிறார். சூளை கிடையாது. ஒரு நாள் காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள்கள் ஊற வைத்தால் கல் இறுகிவிடுகிறது. கண்ணாடியும் தானாகக் கழன்றுவிடுகிறது. கண்ணாடியின் வழவழப்பே கல்லின் மேற்பரப்பாகிவிடுவதால் தனியாக மெருகு தேவையில்லை. வீட்டில் நடக்க நடக்க, துடைக்கத் துடைக்கத்தான் பளபளப்பு ஏறும் என்றார்கள். அவசரக்காரர்களுக்கு ஏற்ற தரை அல்ல இது.

திரும்பும் வழியில் பனையோலைக் கொட்டான்கள் சிலவற்றை வாங்கினோம். சீர் சாமான்களையும் பலகாரங்களையும் வைத்துக் கொடுக்கப் பயன்பட்ட இந்தக் கூடைகளைப் பின்னும் கலை ஏறக்குறைய மறைந்துபோய், அண்மைக் காலத்தில் மீண்டும் பயிற்சி கொடுத்து உயிர்ப்பித்தது. இன்று புவிசார் குறியீடும் இருக்கிறது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் அது கிடைத்தது. ஒரு பொருள் எந்த ஊருடையது என்பதற்கு அரசே சட்டம் போட்டுச் சான்று கொடுக்கும் காலத்தில், அந்தச் சான்றை உடம்பிலேயே தாங்கி வந்த தவலைகளை நாம் தேய்த்துக்கொண்டிருக்கிறோம் என்று ஆட்டோவில் வரும்போது அத்தையிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டார் என்பது மாலையில்தான் தெரிந்தது.

உருளி சனிக்கிழமை பார்த்த கடையிலேயே அமைந்தது. கறுத்த வெண்கலம், ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், தட்டினால் நன்றாகப் பாடுகிறது, விளிம்பில் புள்ளி எழுத்துகள் முழுசாக இருக்கின்றன. கடைக்காரர் ஒன்பதாயிரம் என்றார். சாயங்காலத்துக்குள் பாலிஷ் போட்டுத் தங்கம் மாதிரி ஆக்கித் தருவதாகவும் சொன்னார். அத்தை உருளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பாலிஷ் வேண்டாம் தம்பி. அந்தக் கூலியக் கழிங்க."

"அது ஒண்ணும் பெருசு இல்லம்மா."

"பேரு இருந்தா பழைய பாத்திரம்னு நீங்கதானே சொன்னீங்க? பழைய பாத்திரத்துக்கு ஆன்டிக்கு விலை சொன்னா எப்படி? எடை போடுங்க."

கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கு அந்தப் பேச்சை அவர் வாயிலிருந்து வரவழைத்தவன் நான்தான். கடைசியில் எடைக் கணக்குக்கும் கேட்ட விலைக்கும் இடையே ஏழாயிரத்து இருநூறில் முடிந்தது. ரசீதில் எந்த ஊர்ச் சாமான் என்று எழுதித் தரும்படி கேட்டேன். வீட்டு விலாசத்தை எழுத மாட்டேன் என்றவர், ஊர்ப் பெயரைத் தயக்கமில்லாமல் எழுதினார்; எப்படியும் விளிம்பில் அது இருக்கத்தான் செய்கிறது.

மரச்சாமான் வாங்குகிறவர்கள் லாரி பார்சலில் போட்டு அனுப்பலாம், வைக்கோலும் சாக்கும் வைத்துக் கடைக்காரர்களே கட்டித் தருகிறார்கள். எனாமலையும் பீங்கானையும் மட்டும் கையோடு எடுத்துப் போவது நல்லது. உருளியைச் சுமப்பது என் பொறுப்பு என்று அத்தை அறிவித்துவிட்டார். பல்லவன் காரைக்குடியிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவதால், இன்றிரவே அதைச் சாக்கில் சுற்றிக் கட்டிவைக்க வேண்டும்.